தோணி விடத் தெரிவதும் தோணி கற்பிப்பதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் வட்டாரத்து ஏரிகள் யாவும் நிரம்பிக் கலிங்கு வழிந்த காலத்தில், ஒரு கிராமத்து இளைஞர்கள் நால்வர் என் அலுவலகத்திற்கு வந்தனர். பொங்கல் விடுமுறையில் தம் ஊர் ஏரியில் இரண்டு தோணிகளை விடவும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடக் கற்றுத் தரவும் அனுமதி வேண்டும் என்பது அவர்களது விண்ணப்பம். நல்ல உடற்கட்டும் நல்ல எண்ணமும் உடைய இளைஞர்கள் அவர்கள். "உங்களுக்குத் தோணி விடக் கற்றுத் தந்தவர் யார்?" என்று கேட்டேன். "ஒருவரும் கற்றுத் தரவில்லை, ஐயா, நாங்களே கற்றுக்கொண்டோம்" என்றனர். "அப்படியாயின், பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது எப்படி என்பதை உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார்?" என்று மீண்டும் கேட்டேன். அதற்கு அவர்களிடம் விடையில்லை. உண்மையைச் சொன்னால், அக்கேள்விக்குத் தக்க விடை எது என்பது கேட்ட எனக்கும் அன்று தெரியாது.

அவ்விடையைத் தேடி நான் படித்தறிந்தவற்றையே பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறியுமாறு இக்கட்டுரையில் தொகுத்துக் கூற விரும்புகிறேன். ஏரியில் தோணி விடுவதை ஒரு பாடமாக வகுத்து, அப்பாடத்தைக் கற்பிப்போருக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் அளிக்கும் முறை அமெரிக்காவிலும் கனடாவிலும் நன்கு வேரூன்றியிருக்கிறது. ஆகவே முதலில் அந்நாடுகளின் ஏரிக்கரைகளுக்குச் சென்று பார்ப்போம்.

கனூ என்னும் தோணி

அங்கே ஏரிகளில் விடப்படும் சிறு தோணிக்குக் கனூ என்று பெயர். இருபுறமும் முனை கூம்பி, நடுவில் அகன்று, மேலே திறந்திருக்கும் தோணி அது. இருவர் ஏறிச் செல்லும் கனூ பெரும்பாலும் 16 அடி நீளம் உடையது. துடுப்பைத் தோணியோடு பிணைப்பதில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, போகும் திசையை நோக்கி அமர்ந்தோ மண்டியிட்டோ செலுத்துவர். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பூர்ச்ச மரத்தின் பட்டையை மரச் சட்டங்களின்மேல் போர்த்தி, வேரிழைகளால் தைத்து, பிசின் பூசி இத்தகைய தோணிகளைச் செய்தனர். தோளில் சுமந்து ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கொண்டுசெல்லத் தக்க இலேசான கலமாதலால், சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஏரிகளே அவர்களுக்குச் சாலைகளாயின.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் மட்டும் 2,50,000க்கு மேற்பட்ட ஏரிகள் உண்டென்பர். தமிழ்நாட்டு ஏரி குளங்களின் தொகை 39,000க்கு மேல் என்பதை நாம் அறிவோம். நம் ஏரிகள் பாசனத்திற்காக மனிதன் கரையெடுத்துக் கட்டியவை. அவர்களுடையவற்றுள் பெரும்பாலானவை பனிப்பாறைகள் உருகி விலகிய பள்ளங்களில் இயற்கையாகத் தேங்கியவை. எனினும் திறந்த நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசினால் என்ன நேரும் என்பதில் இரண்டிற்கும் வேறுபாடில்லை.

1880ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் தோணி ஆர்வலர் சிலர் கூடி அமெரிக்கக் கனூச் சங்கத்தை நிறுவினர். இன்று அந்நாட்டில் துடுப்புக் கலங்களைக் கற்பிப்போருக்குச் சான்றிதழ் வழங்கும் முதன்மையான அமைப்புகளுள் அச்சங்கமும் ஒன்று. கனடாவில் 1971இல் தொடங்கப்பெற்று இன்று பேடில் கனடா என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இப்பணியைச் செய்கிறது. அவர்கள் ஏரித் தோணியை ஆற்றுத் தோணியினின்று பிரித்துத் தனிப் பாடமாகவே வைத்து, தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என வகுத்துள்ளனர். ஓடும் நீரின் இடர் வேறு, தேங்கிய நீரின் இடர் வேறு என்பதே அதற்குக் காரணம்.

தேங்கிய நீரில் என்ன இடர்?

தேங்கிய நீர் தீங்கு செய்யாது என்பது ஒரு தவறான எண்ணம். 1978ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் மாநிலங்களுக்கு இடையேயுள்ள டிமிஸ்காமிங் ஏரியில், ஒரு பள்ளியைச் சேர்ந்த 27 மாணவர்களும் 4 பெரியவர்களும் நான்கு பெரிய கனூக்களில் புறப்பட்டனர். காற்று எழுந்து அலை பெருகியபோது ஒரு தோணி கவிழ்ந்தது. அதனைக் காக்க முயன்றவர்களும் நீரில் வீழ்ந்தனர். அன்று உயிரிழந்தோர் 13 பேர். அவர்களுள் 12 பேர் சிறுவர்கள். கவிழ்ந்தவர்களை நீரிலிருந்து எப்படி எடுப்பது, காற்று எந்த அளவைக் கடந்தால் கரையொதுங்குவது, குளிர்ந்த நீர் உடலை என்ன செய்யும் என்பவற்றில் முன்னேற்பாடு இல்லாத நல்லெண்ணம் மட்டும் போதவில்லை என்பதே அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்திய பாடம்.

குளிர்நீர் பற்றி மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்துத் தந்த எளிய கணக்கு ஒன்று அங்கே பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. மிகக் குளிர்ந்த நீரில் வீழ்ந்தவனுக்கு மூச்சை அடக்கி நிதானம் பெற 1 நிமிடம். கைகால்கள் பயன்பட உழைப்பதற்கு 10 நிமிடம். உடல் வெப்பம் குன்றி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். நம் சமவெளி ஏரிகளில் அத்தகைய குளிர் இல்லை. ஆனால் திடீரென நீரில் விழுந்தவனது மனக்கலக்கமும் பதைப்பும் எந்நாட்டிற்கும் பொதுவானவை.

இன்னொரு கணக்கையும் நோக்குவோம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி, பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 2023ஆம் ஆண்டில் 564 பேர் இறந்தனர். இறப்பின் காரணம் தெரிந்தவர்களுள் நால்வரில் மூவர் நீரில் மூழ்கியே இறந்தனர். அவ்வாறு மூழ்கியவர்களுள் நூற்றுக்கு 87 பேர் மிதவைச் சட்டை அணியாதவர்கள். சட்டை தோணியில் இருப்பது போதாது. உடலில் இருக்க வேண்டும். இதனை ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு மாணவனிடத்தும், சலிப்பின்றிச் செய்துவைப்பது யார் பொறுப்பு? கற்பிப்பவர் பொறுப்பே.

அறிந்தவர் வேறு, அறிவிப்பவர் வேறு

நாற்பது ஆண்டுகள் ஏர் பிடித்த விவசாயியிடம், "மேழியை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டால், "பிடித்துப் பார், தெரியும்" என்பார். அவரது கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. அது குறையன்று, அனுபவத்தின் இயல்பு. தோணி விடுவோரிடத்தும் இதுவே நிகழ்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். கனூவின் பின்முனையில் அமர்ந்து வலப்புறத்தில் மட்டும் துடுப்புப் போட்டால், தோணியின் முகம் இடப்புறம் திரும்பிக்கொண்டே போகும். புதியவர் இதனைச் சரிசெய்யத் துடுப்பைப் பக்கத்திற்குப் பக்கம் மாற்றிமாற்றிப் போட்டுக் களைத்துப் போவார். பழகியவரோ ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் பெருவிரல் கீழ்நோக்குமாறு மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பின் அலகால் நீரைச் சற்று வெளிப்புறம் தள்ளி விடுவார். நீருக்குள் அலகு செல்லும் வழி தூண்டில் முள்ளைப் போல் வளையும். தோணி நேரே செல்லும். இதைச் செய்வோர் பலர். ஆனால், "உன் பெருவிரல் மேல்நோக்கி இருக்கிறது, அதனால்தான் தோணி திரும்புகிறது" என்று பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வோர் சிலரே. மாணவனின் பிழையைப் பார்த்தவுடன் அதன் காரணத்தை அறிவதும், ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துவதும் தனிக் கலை. அக்கலையைக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியர் பயிற்சி.

பயிற்சிக்கு வருவோரின் தகுதி

அமெரிக்கக் கனூச் சங்கத்தின் முறையில், ஆசிரியராக விரும்புவோர் 18 வயது நிரம்பியவராகவும், சங்க அங்கத்தினராகவும் இருத்தல் வேண்டும். முதலுதவியிலும், மூச்சும் இதயமும் நின்றவருக்கு உயிரூட்டும் முறையிலும் நடப்பிலுள்ள சான்று பெற்றிருத்தல் வேண்டும். சிறுவர்களைத் தகாத நடத்தையினின்று காக்கும் பயிற்சியும் இன்று கட்டாயமாகியுள்ளது. பெற்றோர் தம் குழந்தையை ஒப்படைப்பது தோணியிடம் அன்று, ஒரு மனிதரிடம். ஆகவே அம்மனிதரைப் பற்றிய உறுதியும் வேண்டும் என்பது அதன் கருத்து.

தோணி விடும் திறமையை இப்பயிற்சியில் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணி வருவது கூடாது. அத்திறமை முன்பே கைவந்திருத்தல் வேண்டும். பயிற்சி அதனைத் தீட்டிச் சீராக்கும்.

பயிற்சியில் நடப்பவை

முதலில் பயிற்சி முகாம், பின்னர் தேர்வு. இரண்டும் சில நாட்கள் நடைபெறும். பெரும்பகுதி நீரிலேயே கழியும்.

முகாமில் வரும் பாடங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, துடுப்பு வீச்சுகள். முன்செலுத்துதல், பின்செலுத்துதல், தோணியை நிறுத்துதல், பக்கவாட்டில் இழுத்தல், பக்கவாட்டில் தள்ளுதல், அரைவட்டமாக வீசித் திருப்புதல், சாயும் தோணியைத் துடுப்பால் தாங்கி நிறுத்துதல் ஆகியவற்றை ஆசிரியராகப் போகிறவர் பிறர் பார்த்துப் பின்பற்றத் தக்கவாறு திருத்தமாகச் செய்து காட்ட வேண்டும். தான் செய்யும் போதே அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காப்பாற்றும் முறைகள். நீரில் தத்தளிப்பவனைக் கண்டவுடன் குதிப்பதே வீரம் என்று நாம் எண்ணுகிறோம். எத்தனையோ கிராமங்களில் ஒருவரைக் காக்கப் போய் மற்றொருவரும் மாண்டிருக்கிறார். பயிற்சியில் சொல்லப்படும் வரிசை இது: முதலில் கரையில் இருந்தே கழியையோ துடுப்பையோ நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றையோ மிதவையையோ எறி, அதுவும் இயலாவிட்டால் தோணியில் செல், வேறு வழியே இல்லாத போது, பயிற்சி பெற்றவர் மட்டும் நீரில் இறங்குக.

தோணி கவிழ்ந்தால் அதனை நடு ஏரியிலேயே நிமிர்த்தும் முறையும் கற்பிக்கப்படுகிறது. காக்க வந்த தோணியைக் கவிழ்ந்த தோணியின் முனைக்குக் குறுக்காக நிறுத்துவர். நீரில் இருப்பவர்கள் காக்க வந்த தோணியின் முனைகளைப் பற்றிக்கொள்வர். கவிழ்ந்த தோணியின் முனையைத் தூக்கித் தம் தோணியின் விளிம்புகளின்மேல் ஏற்றி, குப்புற்ற நிலையிலேயே இழுத்துக் குறுக்கே கிடத்தினால் உள்ளிருந்த நீர் வடிந்துவிடும். பின்னர் நிமிர்த்தி நீரில் இறக்கி, இரு தோணிகளையும் இணையாகப் பிடித்துக்கொண்டால், நீரில் இருப்பவர்கள் ஏறிக்கொள்ளலாம். பழகியவர்களுக்குச் சில நிமிட வேலை. பழகாதவர்களுக்கு இரண்டாவது தோணியும் கவிழும்.

மூன்றாவது, ஏரியை அறியும் அறிவு. காற்று நீண்ட தொலைவு தடையின்றி வீசும் திக்கில் அலை உயரும். கரையோரத் தோப்பின் மறைவில் அலை இராது. இதில் ஒரு வஞ்சனை உண்டு. கரையிலிருந்து ஏரி நோக்கிக் காற்று வீசும் நாளில், புறப்படும் இடத்தில் நீர் கண்ணாடி போல் இருக்கும். உள்ளே செல்லச் செல்ல அலை மிகும். காற்று தோணியை மேலும் உள்ளே தள்ளும். திரும்பி வருவதோ எதிர்காற்றில். போகும் போது எளிதாயிருந்தது என்று நம்பியவர் திரும்பும் போது தவிப்பார். ஆகவே ஆசிரியர் முதலில் எதிர்காற்றில் சென்று, களைத்த நேரத்தில் காற்றோடு திரும்புமாறு வழியை வகுப்பார். இடியோசை கேட்டவுடன் கரையேற வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை மீண்டும் நீரில் இறங்கலாகாது. தோணி கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாமல் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். மனிதனின் தலையைவிடத் தோணி தொலைவிலிருந்து கண்ணிற்படும், அதுவே பெரிய மிதவையும் ஆகும்.

நான்காவது, கற்பிக்கும் முறை. இப்பகுதியே மற்றவற்றைவிட அருமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர் கண்ணில் வெயில் படாதவாறு ஆசிரியரே வெயிலை நோக்கி நிற்க வேண்டும். தம் குரல் காற்றோடு மாணவரிடம் செல்லுமாறு காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். நீரில் மிதக்கும் போது நீண்ட சொற்பொழிவு ஆகாது. சொல்ல வேண்டியதைக் கரையிலேயே சொல்லி, நீரில் செய்து காட்ட வேண்டும். முதலில் முழுமையாக ஒரு முறை, பின்னர் பகுதி பகுதியாக மெதுவாக, மீண்டும் முழுமையாக ஒரு முறை என்று காட்டி, உடனே மாணவரைச் செய்யச் சொல்ல வேண்டும். சிலர் கேட்டு அறிவர். சிலர் பார்த்து அறிவர். சிலர் செய்துதான் அறிவர். அச்சப்படும் மாணவனைப் பிறர்முன் நாணச் செய்யாமல், ஆழமற்ற இடத்தில் அவனுக்கென்று சிறிது நேரம் ஒதுக்க வேண்டும். பயிற்சியாளர்கள் ஒருவருக்கொருவர் மாணவராக அமர்ந்து, முறை வைத்துப் பாடம் நடத்தி, ஒருவர் குறையை மற்றவர் எடுத்துக் கூறுவர். தம் குறையைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையும் இம்முகாமின் ஒரு பாடமே.

தேர்வும் அதன் முடிவும்

தேர்வில் வீச்சுகள், காப்பு முறைகள், பாடம் நடத்தும் திறன், ஒரு குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பு ஆகிய அனைத்தும் பார்க்கப்படுகின்றன. முடிவு தேறினார், தேறவில்லை என்ற இரண்டோடு நின்றுவிடுவதில்லை. கேட்ட படியில் தேறுவோர் உண்டு, அதற்குக் கீழ்ப்படியில் தேறுவோர் உண்டு, குறித்த ஒரு பகுதியில் மேலும் பழகி மீண்டும் வருமாறு நிறுத்தி வைக்கப்படுவோர் உண்டு, தேறாதோரும் உண்டு. நிறுத்தி வைக்கப்பட்டவர் எதில் குறை என்பதைத் தெரிந்துகொண்டு செல்கிறார். இம்முறை எவரையும் அவமதிப்பதில்லை. அதே நேரத்தில் தாட்சணியத்துக்காகச் சான்றிதழ் எழுதித் தருவதும் இல்லை.

படிகள் ஒன்று முதல் ஐந்து வரை உள்ளன. முதற்படி ஆசிரியர் கற்பிக்கக் கூடிய இடம், காற்றும் அலையும் பிற படகுகளின் போக்குவரத்தும் குறைந்த, கரைக்கு நீந்தி வரத்தக்க தொலைவிலுள்ள அமைதியான நீர்ப்பரப்பு மட்டுமே. மேற்படிகளுக்குச் செல்லச் செல்லவே கடினமான நீரில் கற்பிக்கும் உரிமை வரும். ஆக, சான்றிதழ் என்பது, "இவர் கற்பிக்கலாம்" என்று மட்டும் கூறாமல், "இன்ன நீரில், இந்த அளவு வரை கற்பிக்கலாம்" என்றும் எல்லை கட்டுகிறது. வரப்பு இல்லாத வயலைப் போன்றது எல்லை இல்லாத அனுமதி.

மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஓர் ஆசிரியருக்கு ஐந்து மாணவர். மற்றோர் ஆசிரியரோ தகுதி பெற்ற உதவியாளரோ உடன் இருந்தால் இருவருக்குப் பத்து. ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒருவரே பாடம் நடத்தலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. எல்லோரையும் ஒரே பார்வையில் எண்ணத்தக்க அளவே வகுப்பின் அளவு.

சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லுவதும் அன்று. நான்காண்டுக் காலத்திற்குள் அவர் இரண்டு வகுப்புகளாவது நடத்தியிருக்க வேண்டும். புத்தறிவு பெறும் பயிற்சி ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும். முதலுதவிச் சான்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆசிரியர்களைத் தேர்வு செய்வதற்கு ஆசிரியப் பயிற்றுநர் என்ற மேல்நிலையினர் உள்ளனர். அப்பயிற்றுநர்களை உருவாக்குவோர் அதற்கும் மேல்நிலையினர். தன்னைத் தானே ஆசிரியர் என்று அறிவித்துக்கொள்ள எவராலும் முடியாது.

ஓர் ஐயமும் விடையும்

"ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுவோர் தலைமுறை தலைமுறையாக ஓட்டுகின்றனர், அவர்களுக்கு எந்த நாட்டுச் சங்கம் சான்றிதழ் தந்தது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தந்தையோடு சிறு வயது முதல் பரிசலில் இருந்து, வெள்ளத்தின் நிறத்தைக் கண்டே அதன் போக்கைச் சொல்லும் அறிவு பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு. அதுவும் ஒரு பள்ளிக்கூடமே. அங்கும் ஆசிரியர் உண்டு, படிகள் உண்டு, தகுதி வரும் வரை துடுப்பைக் கையில் கொடுப்பதும் இல்லை. அத்தகைய மரபு இல்லாத ஓர் ஏரியில், விடுமுறைக்கு மட்டும் தோணி வாங்கி விடும் இடத்தில்தான் வகுத்த பயிற்சி இன்றியமையாததாகிறது. மரபு பல்லாண்டுகளில் தருவதைச் சில நாட்களில் முழுவதும் தந்துவிடுவதாகச் சான்றிதழும் கூறுவதில்லை. குறைந்த அளவு இதுவாவது தெரியும் என்பதற்கே அது உறுதி. காற்றை அடக்கும் ஆற்றல் எந்தக் காகிதத்திற்கும் இல்லை. காற்று எழும் என்று எதிர்பார்த்துக் கரையிலேயே நின்றுவிடும் மனிதரை உருவாக்குவதே பயிற்சியின் பயன்.

நாம் செய்யத் தக்கவை

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரத்தை நாம் மறந்திருக்க முடியாது. விடுமுறை நாள், மகிழ்ச்சியோடு சென்ற குடும்பங்கள், ஒரு சில நிமிடங்கள் — அவ்வளவே. இத்தகைய நாளில் ஊரார் முதலில் கேட்பது, "இதற்கு அனுமதி கொடுத்தவர் யார்?" என்பதே.

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிறுபாசன ஏரிகள் பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பில் இருப்பவை. மேலும், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரமின்றிச் செல்லும் கலங்களைப் பற்றிய அடிப்படை விவரங்கள் உள்ளாட்சி அளவில் பதிந்து வைக்கப்பட வேண்டும் என்ற நோக்கத்தைக் கொண்டிருக்கிறது. ஆகவே துடுப்புத் தோணியும் நமக்கு அப்பாற்பட்ட விஷயம் அன்று. நம் நாட்டில் நீர் விளையாட்டுகளுக்கும் உயிர்காப்புக்கும் பயிற்சி அளிக்க மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1990இல் தொடங்கப்பெற்ற தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் கோவாவில் இயங்கி வருகிறது. பயிற்சி பெற விரும்பும் இளைஞர்கள் முதலில் அங்கே விசாரிப்பது நலம்.

தோணி விட அனுமதி கேட்டு எவரேனும் வந்தால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் தீர்மானம் எழுதுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு விடை பெறுமாறு வேண்டுகிறேன்.

1. தோணி விடுபவர், கற்பிப்பவர் ஆகியோருக்குப் பயிற்சி அளித்தவர் யார்? தேர்வு செய்தவர் யார்? கற்பித்தவரே பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தந்த தாளா, வேறொருவர் பார்த்து ஒப்பியதா?

2. அச்சான்று எத்தகைய நீருக்கு உரியது? நம் ஏரியின் ஆழமும் காற்றும் அந்த அளவுக்குள் அடங்குமா?

3. அது எந்த ஆண்டு வரை செல்லும்? முதலுதவிச் சான்று நடப்பில் உள்ளதா?

4. ஒருவர் பொறுப்பில் எத்தனை மாணவர்? ஒவ்வொருவர் உடலுக்கும் பொருந்தும் மிதவைச் சட்டை, குழந்தைகளுக்குரிய அளவு உட்பட, இருக்கிறதா?

5. ஒரு தோணி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? இதனை வாயால் சொன்னால் போதாது. கரையோரத்தில் உறுப்பினர்கள் முன்னிலையில் செய்து காட்டுமாறு கேட்க வேண்டும்.

6. எவ்வளவு காற்று வீசினால், எவ்வளவு மேகம் கூடினால் அன்றைய தோணியை நிறுத்துவீர்கள்? நிறுத்தும் முடிவைச் செய்பவர் யார்? வருமானம் பெறுபவரும் அவரே என்றால், கரையில் மற்றொருவரை அப்பொறுப்பில் வைக்க வேண்டும்.

ஆறாவது கேள்வியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். திருவிழா நாளில், பயணச் சீட்டு வாங்கிய கூட்டம் கரையில் காத்திருக்கும் போது, "இன்று தோணி கிடையாது" என்று சொல்லும் துணிவு வீச்சுகளைக் கற்பதைவிடக் கடினமானது. நல்ல ஆசிரியரை அடையாளம் காணும் இடம் அதுவே.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட நான்கு இளைஞர்களையும் நான் மனம் நோகச் செய்து அனுப்பவில்லை. அவர்களது விண்ணப்பத்தில் பெரியவர்களை ஏற்றிச் செல்லும் பகுதி, மிதவைச் சட்டைகள் வாங்கிய பின்னர், ஏரியின் ஓர் எல்லைக்குள் மட்டும் என்ற நிபந்தனையுடன் கிராம சபையின் முன் வைக்கப்பட்டது. அவர்களுள் இருவர் உயிர்காப்புப் பயிற்சிக்குச் சென்று திரும்பினர். திரும்பியதும் அவர்கள் முதலில் செய்தது, தங்கள் பழைய தோணிகளுள் ஒன்றை, "இது குழந்தைகளுக்கு ஆகாது, ஐயா" என்று சொல்லி ஏரியிலிருந்து எடுத்துக் கரையேற்றியதே. ஒருவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பயிற்சியின் பயனை அன்று நேரில் கண்டேன்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்க அனுமதி கேட்ட பகுதி இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதற்குரிய பயிற்சியையும் சான்றையும் அவர்கள் பெற்று வரும் நாளில் மகிழ்ச்சியோடு முன்வைப்பேன். அதுவரை அந்த ஏரியில் பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கட்டும். நீர் எங்கும் போய்விடாது.